முளை வார்டு

ஆவிடையூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மூளைக்கென்று தனி வார்டு திறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு நோயாளியும் வரவில்லை. வட்டாரத்தில் மண்டை உடையாமல் இல்லை. கண்மாய் நிறைந்தால் மடைக்கு ஒரு சண்டை, வற்றினால் மீனுக்கு ஒரு சண்டை, இரண்டுக்கும் நடுவில் திருவிழா என்று வருஷம் முழுக்க உடைந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் உடைந்த தலையோடு அவ்வளவு தூரம் கிளம்புகிறவன் பாதி வழியில் தானே பிழைத்துக்கொள்வான், இல்லையென்றால் போய்ச் சேர்ந்துவிடுவான். உயிரோடு வந்து சேர்ந்த முதல் தலை நாகராசுவினுடையது. அதை உடைத்த கை மலையாண்டியினுடையது.

அவன் வேண்டுமென்று அடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் பக்கத்து வயல்காரன் பெரியண்ணனின் ஆட்கள் வந்து மலையாண்டி வயலுக்குப் போகிற மடையை அடைத்துவிட்டார்கள். மூன்று நாளாக முறைத் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தவனுக்குக் கண்மண் தெரியவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். அந்தப் பக்கம் எட்டுப் பேர், இந்தப் பக்கம் இவன் ஒருத்தன். ஒருவனுக்கு முழங்கை போயிற்று, ஒருவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று, இவனுக்கு விலாவில் மண்வெட்டிக் காம்பால் நாலு விழுந்தது. சத்தம் கேட்டுத் தங்கச்சி அழகியின் புருஷன் நாகராசு ஓடிவந்தான். வந்தவன் சண்டை போடவாவது வந்தானா, அதுவும் இல்லை. "விடுங்க மச்சான், விடுங்க" என்று பின்னாலிருந்து கட்டிப்பிடிக்க வந்தான். பெரியண்ணனுக்கென்று மலையாண்டி சுழற்றிய கம்பு பின்னால் போய் நாகராசுவின் வலது நெற்றிப்பொட்டில் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சண்டை அத்தோடு நின்றுவிட்டது. பெரியண்ணனே தன் வண்டியைப் பூட்டிக் கொடுத்தான்.

வண்டியில் நாகராசு எழுந்து உட்கார்ந்து நன்றாகத்தான் பேசினான். "ஒண்ணுமில்ல மச்சான். ஒரு வாய் சுக்குத் தண்ணி குடிச்சாச் சரியாப் போயிரும். மாட்டை ஏன் இந்த வெரட்டு வெரட்டுறீங்க" என்றான். பாதி வழி தாண்டியதும் வாந்தி எடுத்தான். பேச்சு குழறியது. இடது கையிலிருந்த சொம்பு தானாக நழுவி விழுந்தது, அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அழகி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவருக்கு ஒண்ணு ஆச்சு, ஒன்னைய நான் சும்மா விடமாட்டேன் அண்ணே."

"நானே என்னைய விடமாட்டேன் தாயி" என்றான் மலையாண்டி.

ஒன்பது மணி வாக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் இறங்கிய மலையாண்டி முதல் அடியிலேயே தடுக்கிக் குப்புற விழுந்தான். எழுந்து பார்த்தால், ஆஸ்பத்திரியைச் சுற்றி மூன்று அடிக்கு ஒன்றாக மாடு கட்டுகிற முளை அடித்திருந்தது. மருந்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். மலையாண்டி மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். எதிரே தொங்கிய புதுப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான். முளை வார்டு என்று போட்டிருந்தது.

"என்னங்க இது, மாட்டாஸ்பத்திரிக்கு வந்துட்டமா?" என்று கேட்டான்.

வார்டு ஆள் இன்னாசி ஓடிவந்து வண்டியைப் பிடித்தான். "எல்லாரும் இதத்தேன் கேக்குறாக. மூளை ஆஸ்பத்திரிதான். எழுத்துல மட்டும் முளை. இங்கிட்டுத் தூக்குங்க."

நடந்தது இதுதான். ஆபீஸ் காகிதமெல்லாம் இனிமேல் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த புதிது. நல்ல உத்தரவு, அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் உத்தரவு அடித்த தட்டெழுத்து மெஷினில் மூ என்ற எழுத்து உடைந்திருந்தது. அடிக்கிறவர் மு என்று அடித்துவிட்டு, பிறகு பேனாவால் சுழி போடுவது வழக்கம். ஆவிடையூருக்கு மூளை வார்டு அனுமதி ஆன அன்றைக்கு அவர் சுழி போடுவதற்குள் காப்பிக்கு மணி அடித்துவிட்டது. போனவர் திரும்பி வந்து அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார். ஆவிடையூருக்கு முளை வார்டு வந்து சேர்ந்தது. எழுதினது அரசாங்கம் என்பதால் படித்தவர்கள் எல்லாரும் அப்படியே நடந்துகொண்டார்கள். வேங்கை மரத்தில் முளை இருநூறு வந்தது. அடிப்பதற்குக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல் நாலு வந்தது. முளை என்றால் பயிர் முளைப்பதும்தானே என்று எண்ணிய இன்னொரு இலாகா, பச்சைப்பயறு பன்னிரண்டு மூட்டை அனுப்பி, வளர்க்கும் முறையை அச்சடித்தும் கொடுத்திருந்தது.

டாக்டர் சவரியப்பன் மட்டும் நிஜம். மதராஸில் மண்டை திறக்கக் கற்றுக்கொண்டு வந்த மனுஷன். நாகராசுவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், இடது காலைக் கிள்ளிப் பார்த்தார், மலையாண்டியையும் அழகியையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எலும்புக்கு உள்பக்கம் ரத்தக் குழாய் அறுந்திருக்கு. கசியற ரத்தம் வெளிய வர வழியில்லாம மூளையை நசுக்குது. பொட்டுல ஒரு ஓட்டை போட்டு அதை வெளிய விட்டா ஆள் பிழைச்சுக்குவார். சாயங்காலத்துக்குள்ள போடணும். தாண்டினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"இப்பவே போடுங்கய்யா" என்றாள் அழகி.

"துளைக்கருவி வேணும்மா. வந்திருக்குன்னு ரிஜிஸ்தர்ல எழுதியிருக்கு. ஸ்டோர் ரூம் சாவி சூப்பரிண்டெண்டுகிட்ட இருக்கு."

ஆபீஸ் சூப்பரிண்டெண்டு முத்துராமன் டாக்டரை நிற்க வைத்தே அரை மணி நேரம் பேசினார். மலையாண்டி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"டாக்டர் சார், நீங்க சின்ன வயசு. எழுத்துத் தப்புங்கிறீங்க. நீங்களும் நானும் எழுதினாத்தான் தப்பு. கவர்ன்மென்ட் எழுதினா அது வார்த்தை. நான் திருத்தம் கேட்டு மேல எழுதலைன்னு நினைக்கிறீங்களா? எழுதினேன். 'முளை என்பதை முளை என்று திருத்திக்கொள்ளவும்'னு பதில் வந்துச்சு. திருத்திக்கிட்டேன். இருபத்தாறு வருஷமா இப்படித்தான் ஒரு கெட்ட பேர் இல்லாம இருக்கேன். நோயாளி செத்தா சொந்தக்காரங்க நாலு நாள் அழுவாங்க, அத்தோட போச்சு. ஃபைல் ஒண்ணு செத்துப் போனா ரிட்டையர் ஆகுற வரைக்கும் நான்ல பதில் சொல்லணும்."

பிறகு பெரிய மனசு பண்ணி ஸ்டோர் ரூமைத் திறந்தார். கையெழுத்து மூன்று இடத்தில் வாங்கிக்கொண்டு, "முளைக்குத் துளை போடும் கருவி, எண்ணம் ஒன்று" என்று வாசித்து, மூலையிலிருந்து அதை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தார். கடப்பாரை. புத்தம் புதுசு. முனையில் எண்ணெய் பூசியிருந்தது.

டாக்டர் அதை ஓங்கிச் சுவரில் வீசினார். காரை பெயர்ந்து விழுந்தது. முத்துராமன் பதற்றமே படாமல், "சுவர் பொதுப்பணித்துறைச் சொத்து" என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டார்.

அதற்குள் வார்டில் அழகி கத்துகிற சத்தம் கேட்டது. மலையாண்டி ஓடினான். இன்னாசி பூவாளியை வைத்துக்கொண்டு நாகராசுவின் மேல் தலையிலிருந்து கால் வரைக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். மூச்சு திணறி நாகராசு கையைக் காலை உதைத்தான், அதிலும் வலது பக்கம்தான் உதைத்தது. கட்டில் தலைமாட்டில் அச்சடித்த அட்டை தொங்கியது. ஈரக் கோணி போர்த்தவும், காலை மாலை இரு வேளை நீர் தெளிக்கவும், எறும்பு அண்டாமல் பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது.

மலையாண்டி பூவாளியைப் பிடுங்கி இன்னாசியின் முகத்திலேயே அடித்தான். மூக்கு உடைந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. இன்னாசி திருப்பி அடிக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்:

"அடிங்கய்யா. தெளிக்கலைன்னா சூப்பரிண்டெண்டு அடிப்பாரு. போன மாசம் கட்டில் காலியா இருக்கையில ரெண்டு வேளையும் தெளிச்சேன், மெத்தை அழுகிப்போச்சு, அதுக்கும் அடிச்சாரு. ஒங்க அடிதான் கொஞ்சம் பரவாயில்ல."

மலையாண்டி பூவாளியைக் கீழே போட்டான். தன் மேல்துண்டை அவிழ்த்து நாகராசுவைத் துடைத்தான். நாகராசு கண்ணைத் திறக்கவில்லை.

பதினோரு மணிக்கு ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து இறங்கினார். பயறு அனுப்பிய இலாகாவின் அதிகாரி, திருச்சியிலிருந்து முளைப்பு விகிதம் கணக்கெடுக்க வந்தவர். முளையில் தடுக்கித்தான் அவரும் இறங்கினார். நெற்றி புடைத்துப் போயிற்று, ஆனாலும் மரியாதை குறையாமல் வார்டுக்குள் வந்து, ஒரே ஒரு கட்டிலில் ஒரே ஒரு ஆள் கிடப்பதைப் பார்த்தார்.

"எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார்.

"காலையில கொண்டாந்தோம் சாமி" என்றாள் அழகி. பெரிய டாக்டர் என்று நினைத்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "பேச்சு நின்னுபோச்சு. கை அசையல. ஏதாச்சும் பண்ணுங்க சாமி."

"அசைவு இல்லை" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். நாகராசுவின் உள்ளங்காலைப் பென்சிலால் தட்டினார். "அவசரப்படக் கூடாதும்மா. மண்ணு சரியில்லாத இடத்துல ஏழு நாள்கூட ஆகும். எல்லாத் தாலுகாவுலயும் நான் பார்த்துட்டேன், நம்ம ஜனங்களுக்குப் பொறுமை பத்தாது. நேத்து போட்டதை இன்னிக்குத் தோண்டிப் பார்க்கிறது. நாங்க ஆபீஸ்ல இருக்கோம், அஞ்சு வருஷம் ஆனாலும் தோண்டிப் பார்க்கிறதே இல்லை." கட்டில் ஒன்று, முளைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, புடைத்த நெற்றிக்கு மருந்து வைக்கச் சொன்னார். அதற்கு ஐஸ் இருந்தது. உடனே வந்தது.

டாக்டர் மலையாண்டியை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஊருக்குள்ள ஆசாரி யாராவது இருக்காங்களா? மரத்துல துளை போடுற துரப்பணம் ஒண்ணு வாங்கிட்டு வா. கொதிக்க வச்சு அதுலயே போட்டுடறேன். என் வேலை போனாப் போகட்டும்."

மலையாண்டி ஓடினான். அன்றைக்கு ஓடியதுபோல அவன் ஆயுசில் ஓடியதில்லை. மூன்று இடத்தில் முளை தடுக்கி முழங்கால் சதை பிய்ந்தது. தச்சுப் பட்டறையில் ஆசாரி சாப்பிடப் போயிருந்தார், கேட்காமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். டாக்டர் வெந்நீரில் துரப்பணத்தைப் போட்டு எடுத்தார். நாகராசுவின் வலது பொட்டில் முடியைச் சிரைத்தாயிற்று, மருந்து தடவியாயிற்று. மணி ஒன்றரை. அழகி புருஷனுடைய இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள், மலையாண்டி தலையைப் பிடித்துக்கொண்டான். தான் உடைத்த இடம் விரலுக்கடியில் அவனுக்குத் தட்டுப்பட்டது. 'மாப்பிள்ளை, ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கடா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

அப்போது முத்துராமன் உள்ளே வந்தார்.

"அந்தச் சாமான் ஸ்டோர் ரிஜிஸ்தர்ல இல்லையே, டாக்டர் சார்."

"வெளிய போங்க."

"ரிஜிஸ்தர்ல இல்லாத சாமான் ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தா அது திருட்டுச் சாமான். அத வச்சு ஓட்டை போட்டா அது ஆபரேஷன் இல்ல, அடிதடி. நான் இந்த ஆளைக் காப்பாத்தத்தான் சொல்றேன். நாளைக்கு இவன் பிழைச்சு எழுந்திரிச்சா, எதனால பிழைச்சான்னு ரிஜிஸ்தர்ல எந்தக் கட்டத்துல நான் எழுதறது?" என்று சொல்லிக்கொண்டே துரப்பணத்தின் பிடியைப் பற்றினார்.

டாக்டர் அவர் கன்னத்தில் ஒன்று விட்டார். முத்துராமனின் கண்ணாடி பறந்து பயறு மூட்டைமேல் விழுந்தது. மலையாண்டியும் சேர்ந்துகொண்டான். இடுப்பில் ஒரு மிதி, பிடரியில் ஒரு குத்து. முத்துராமனின் பியூன்கள் இரண்டு பேர் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கொட்டாப்புளி மலையாண்டியின் தோளில் இறங்கியது, இன்னொன்று மருந்து அலமாரிக் கண்ணாடியில். மூட்டை கிழிந்து தரையெல்லாம் பயறு. அதில் வழுக்கி எல்லாரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து அடித்துக்கொண்டார்கள். நடுவில் நாகராசு கட்டிலில் குறட்டை விடுகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான். அழகி மட்டும் அவன் காலை விடவில்லை.

அரசாங்க ஊழியரை அடித்துவிட்டார்கள் என்றதும் பத்து நிமிஷத்தில் போலீஸ் வந்துவிட்டது. காலையிலிருந்து மண்டை உடைந்த கேஸ் ஒன்று அங்கேயே கிடந்தது, அதற்கு யாரும் வரவில்லை. கன்னத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் ஐந்து போலீஸ்காரர்களும் வந்தார்கள். துரப்பணம் பயங்கர ஆயுதம் என்று கைப்பற்றித் துணியில் சுற்றி அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள். அரக்கு இறுகும்வரை டாக்டர் கெஞ்சிக்கொண்டே இருந்தார். "இன்ஸ்பெக்டர் சார், அரை மணி நேரம் கொடுங்க. போட்டுட்டு நானே வந்து ஜீப்புல ஏறிக்கிறேன்." முத்திரை போட்டதைப் பிரிக்க மாஜிஸ்திரேட்டு உத்தரவு வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். சொன்னதில் அவருக்கு வருத்தம்கூட இருந்தது.

"இந்தத் தலைய ஒடைச்சது நாந்தேன். என்னையப் பிடிச்சுக்கிட்டு டாக்டரை விடுங்க" என்றான் மலையாண்டி.

"ஒவ்வொண்ணா வாங்கப்பா. முதல்ல கன்னம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

நாலு மணிக்கு நாகராசு இறந்தான். மூச்சு நின்றதும் அழகி அழவில்லை. காலை விட்டுவிட்டு எழுந்து, பயறு ஒட்டியிருந்த புடவையை உதறினாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

நாலு மாதம் கழித்துக் கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. மலையாண்டி குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தான். பெரியண்ணனும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான், ஆனால் அவன் எதிராளி, பகையில் சொல்கிறான் என்று மலையாண்டி பக்கத்து வக்கீல் ஒதுக்கிவிட்டார். அழகி தினமும் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் உள்ளே போனால்தான் தனக்கு ஆறும் என்று ஊரில் சொல்லியிருந்தாள். மலையாண்டிக்கும் அதே எண்ணம்தான். தண்டனை என்று ஒன்று கொடுத்துவிட்டால் ராத்திரி கண்ணை மூடலாம் என்று இருந்தது அவனுக்கு.

டாக்டர் சஸ்பென்ஷனில் இருந்ததால் அவர் சாட்சி சொல்லக் கூடாது என்று இலாகா எழுதிவிட்டது. சஸ்பென்ஷன் வருவதற்கு முன்னால் பிணத்தை அறுத்துப் பார்த்து அவர் இங்கிலீஷில் எழுதிய ரிப்போர்ட்டு அவருடைய சஸ்பென்ஷன் ஃபைலில் மாட்டிக்கொண்டது. ஆபீஸ் செய்த தமிழ் மொழிபெயர்ப்புதான் கோர்ட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் முத்துராமன். 'முளையில் பலத்த அடி. முளையில் ரத்தம் பட்டு உறைந்து மரணம்' என்று வாசித்தார்.

"முளை என்றால்?" என்று கேட்டார் ஜட்ஜ்.

"வேங்கை மரங்க. ஒண்ணரை அடி நீளம், நுனி கூர், எண்ணம் இருநூறு. எங்க ஆஸ்பத்திரியைச் சுத்தி அடிச்சிருக்கு. வாரவுங்க போறவுங்க தடுக்கி விழறது உண்டு."

சர்க்கார் வக்கீல் எழுந்தார். "இது மூளையாக இருக்கக் கூடாதா?"

முத்துராமன் நெஞ்சை நிமிர்த்தினார். "இருக்கவே கூடாதுங்க. எங்க ஆஸ்பத்திரியில மூளைங்கிற ஒண்ணே கிடையாது. எந்த ரிக்கார்டுலயும் இல்ல. ஆறு வருஷமா அங்க சர்வீஸ் பண்றேன், ஒரு நாளும் பார்த்ததில்ல. இருக்குன்னு நான் ஒப்புக்கிட்டா, அப்புறம் இருநூறு முளை எதுக்குன்னு ஆடிட்டு கேக்கும்."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. குமாஸ்தா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

"அப்படியானால் இறந்தவர் ஆஸ்பத்திரி வாசலில் முளையில் விழுந்து அடிபட்டிருக்கிறார்" என்றார் ஜட்ஜ்.

மலையாண்டி கூண்டுக் கட்டையைப் பிடித்து உலுக்கினான். "எசமான், அவன் விழுகல. நான் அடிச்சேன். இந்தக் கையாலதான் அடிச்சேன். எம் மாப்பிள்ளை எசமான் அவன், என்னையக் காப்பாத்த வந்தவன்."

ஜட்ஜ் நல்ல மனுஷர். துக்கத்தில் சிலர் இப்படிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது உண்டு என்றும், உறவின் பாசத்தைக் கோர்ட்டு மதிக்கிறது என்றும், ஆனாலும் அரசாங்க ஆவணத்துக்கு முன்னால் வாய்ச் சொல் நிற்காது என்றும் சொல்லி அவனை விடுதலை செய்தார். பியூன் வந்து கூண்டைத் திறந்து, போ என்றான். மலையாண்டி போகவில்லை. பிடித்து இறக்கி வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் அழகி நின்றுகொண்டிருந்தாள். கையில் கஞ்சி கொண்டுவந்த பித்தளைத் தூக்குவாளி. மலையாண்டி நேரே போய் அவள் முன்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டான்.

அழகி தூக்குவாளியை ஓங்கி அவன் மண்டையில் அடித்தாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றாவது அடிக்கு உச்சி பிளந்து ரத்தம் காதோரம் இறங்கியது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. நாலாவதற்கு ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ரத்தத்தைப் பார்த்தாள். தூக்குவாளி கீழே விழுந்தது. செத்த அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்து, அண்ணன் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

வாசல் போலீஸ்காரர் ஓடிவந்தார். வயசானவர், இரக்கமுள்ளவர். கட்டு சிவப்பாகிக்கொண்டே வருவதைப் பார்த்து அந்தப் பக்கம் போன வண்டியை நிறுத்தினார்.

"அண்ணன் தங்கச்சி சண்டையை அப்புறம் பாத்துக்கலாம். காயம் ஆழமா இருக்கும்மா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

"வேணாங்கய்யா" என்றாள் அழகி. "இந்த ஒருத்தனாச்சும் உசுரோட இருக்கட்டும்."